ரெண்டு முயலும் ஆணா? எதையும் வீட்டை விட்டு அனுப்பாதீங்க



கடையில் வாங்கும்போது "ஜோடி சார், ஒண்ணு ஆண், ஒண்ணு பெண்" என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள்.

பிள்ளைகளும் ஆசையாக ஒன்றுக்கு ராமு, இன்னொன்றுக்கு மீனு என்று பேர் வைத்திருப்பார்கள்.

மூணு மாசம் வரைக்கும் ரெண்டும் ஒரே கூண்டில் ஒட்டிப் படுத்துத் தூங்கும். ஒன்றை ஒன்று நக்கிக் கொடுக்கும்.

நாலாவது மாசம் ஒரு நாள் காலையில் பார்த்தால் கூண்டு முழுக்க முடி. ஒன்றின் காது கிழிந்திருக்கும். பதறிப்போய் மீனுவைத் தூக்கிப் பார்த்தால்... மீனுவுக்கும் விதை இருக்கும்.

ரெண்டும் ஆண்!

இந்த நிலைமையில் இருக்கும் வீடுகளுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

"டாக்டர், நீங்க மனுஷங்களுக்குத்தானே வைத்தியம் பார்க்கறீங்க? முயலுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. நான் எம்பிபிஎஸ் படித்த அரசு மருத்துவர். கால்நடை மருத்துவர் கிடையாது. ஆனால் சண்டை போடும் முயல்களை விலக்கப் போய் விரலில் கடி வாங்கியவர்கள் எங்கள் ஓ.பி.க்குத்தான் வருகிறார்கள். காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு "சரி, முயலை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்பேன்.

கிட்டத்தட்ட எல்லோரும் இந்த நாலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்.

1. "விட்டுட்டா அதுங்களே அடிச்சுக்கிட்டு சரியாயிடும்."

2. "ஒண்ணை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுவோம்."

3. "கடையில கொடுத்துட்டு ஒரு பெண் முயல் வாங்கிக்கறோம்."

4. "ஊர்ல பெரியப்பா வீட்டுக்குக் கொடுத்துட்டோம்." (அங்கே என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியாது.)

ஐந்தாவதாக ஒரு வழி இருக்கிறது. இன்றைக்கே தனித்தனியாகப் பிரித்து வைப்பது, ரெண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்வது, பிறகு மெதுவாகச் சேர்த்து வைப்பது.

என் கருத்தில் சரியான வழி இது ஒன்றுதான். இதைச் சொன்னதும் "ஐயோ, வாயில்லா ஜீவனுக்கு ஆபரேஷனா? பாவம் சார்" என்பார்கள்.

அந்தப் "பாவம்" எங்கே போய் முடிகிறது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

*

முதலில், ஆணைப் பெண் என்று நினைப்பது எப்படி நடக்கிறது?

கடைக்காரர் எல்லா நேரமும் ஏமாற்றுவதில்லை. முயலின் உடலமைப்பே அப்படி.

நாய்க்குட்டியைத் திருப்பிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். முயல்குட்டியில் அப்படித் தெரியாது. ஆண் குட்டிக்கு விதை வெளியே இறங்குவதே சுமார் 10 முதல் 12 வாரத்தில்தான். நமக்கு விற்பதோ பெரும்பாலும் பால் மறக்கும் வயதில், ஒன்று ஒன்றரை மாதக் குட்டியாக. அந்த வயதில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒரே மாதிரி.

இறங்கிய பிறகும் ஒரு சிக்கல் உண்டு. முயலுக்கு வயிற்றிலிருந்து விதைப்பைக்கு வரும் பாதை கடைசி வரை திறந்தே இருக்கும். பயந்தாலோ குளிர்ந்தாலோ விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாம் பார்க்கும் நேரத்தில் அது உள்ளே இருந்தால் "பெண்தான்" என்று முடிவு கட்டிவிடுவோம்.

எப்படிப் பார்ப்பது?

ஒருவர் முயலை மடியில் வைத்து, பின்பக்கத்தை நன்றாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. உதறி உதைத்தால் முயலுக்கு முதுகெலும்பே முறிந்துவிடும். மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும். அது சுகத்தில் கிடக்கவில்லை, பயத்தில் உறைந்து கிடக்கிறது. அதனால் அதிக நேரம் அப்படி வைக்காதீர்கள்.

இன்னொருவர் ஆசனவாய்க்கு முன்னால் இருக்கும் துவாரத்தின் இரு பக்கமும் விரல் வைத்து மென்மையாக அழுத்த வேண்டும்.

வட்டமான துவாரத்தில் இருந்து சின்னக் குழாய் மாதிரி வெளியே வந்தால் ஆண்.

நீளவாக்கில் கீறல் மாதிரி, இலை வடிவில் விரிந்தால் பெண்.

மூணு மாசம் தாண்டிய ஆணுக்கு, இரண்டு பக்கமும் முடி இல்லாத நீளமான விதைப்பைகள் தெரியும்.

மனிதர்களுக்குக் கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது 1994-ம் வருஷச் சட்டப்படி குற்றம். முயலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. தாராளமாகப் பாருங்கள். வாங்கும்போது ஒரு முறை, பத்தாவது வாரம் ஒரு முறை, மூணு மாசத்தில் ஒரு முறை. சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு நிமிஷ வேலை.

ஆனால் நம் ஆட்கள் "தான் பிடித்த முயலுக்கு மூணு கால்" கதையாக, "இல்ல சார், கடைக்காரர் கேரண்டியா சொன்னார், இது பொண்ணுதான்" என்று நிற்பார்கள். முயல் கேரண்டி கார்டு படிக்காது.

இதே தவறு மறுபக்கமும் நடக்கும். ரெண்டும் பெண் என்று வாங்கியதில் ஒன்று ஆணாக இருந்தால் சண்டை இருக்காது... குட்டிகள் இருக்கும். முயலுக்கு கர்ப்ப காலம் சுமார் 31 நாள்தான். குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கவும் முடியும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

*

சரி, ரெண்டு ஆண் முயல் ஏன் அடித்துக்கொள்கிறது?

விரலில் கடிபட்ட பையனைக் கூட்டிவந்த ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த அண்ணன் தம்பி சார். எப்படி சார் இப்படி அடிச்சுக்கும்?"

முயலுக்கு அண்ணன் தம்பிக் கணக்கெல்லாம் கிடையாது அம்மா.

நாம் வீட்டில் வளர்க்கும் எல்லா இனமும், வெள்ளையோ சாம்பலோ, ஐரோப்பியக் காட்டு முயலின் வழி வந்தவை. (நம் ஊர் காட்டு முயல் வேறு இனம். அதைப் பிடிப்பதோ வளர்ப்பதோ வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.) ஐரோப்பிய முயல் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். அந்தக் கூட்டத்தில் பெரிய ஆள் யார், எல்லை எது, பெண் முயல்கள் யாருக்கு என்பதை ஆண் முயல்கள் சண்டை போட்டுத்தான் முடிவு செய்யும்.

நாலு மாசம் நெருங்கும்போது உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. அதுவரை குட்டியாக இருந்தது இப்போது ஆள் ஆகிவிட்டது. மூலை மூலையாக சிறுநீர் பீய்ச்சும். மோவாயைக் கூண்டில் தேய்த்துத் தன் வாசனையைப் பதிக்கும். இன்னொன்றின் மேல் ஏறும். பிறகு துரத்தல். அப்புறம் கடி.

காட்டில் தோற்ற முயல் ஓடிப் போய்விடும். உங்கள் வீட்டில் இருப்பது ரெண்டடிக்கு மூணடி கூண்டு. எங்கே ஓடும்?

வெளியே தெரியும் காது, முகக் காயத்தோடு நிற்காது. எதிரியின் விதைப்பையைக் குறிவைத்துக் கிழிப்பது ஆண் முயல் சண்டையில் வழக்கமாக நடப்பது. முயலின் தோல் மெல்லியது. கிழிந்தால் பெரிதாகக் கிழியும். முடிக்குள் மறைந்திருக்கும் காயத்தில் ஈ மொய்த்து முட்டை வைத்து, நம் ஊர் வெயிலுக்கு ஓரிரு நாளில் புழு வைத்துவிடும்.

ஆக, "விட்டுட்டா சரியாயிடும்" என்ற முதல் பதிலுக்கு அர்த்தம் இதுதான். ஒன்று தோற்கும் வரை, சில நேரம் சாகும் வரை, வேடிக்கை பார்க்கப் போகிறீர்கள்.

இரண்டாவது பதில், கொண்டுபோய் விடுவது. பூங்காவிலோ கோயில் தோட்டத்திலோ ஊருக்கு வெளியே காட்டிலோ விடுவார்கள். கூண்டில் பிறந்த வெள்ளை முயலுக்கு ஒளியத் தெரியாது, இரை தேடத் தெரியாது. முதல் ராத்திரியே தெருநாய்க்கு இரை. போதாததற்கு, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

மூன்றாவது, பெண் முயல் வாங்குவது. ஆண்கள் ரெண்டும் இருக்கும்போதே ஒரு பெண்ணைக் கொண்டுவந்தால் சண்டை இன்னும் ஏறும். ஒரு ஆணைக் கொடுத்துவிட்டு பெண்ணை வாங்கினால் 31-வது நாள் குட்டிகள். அந்தக் குட்டிகளில் எது ஆண், எது பெண் என்று மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாலாவதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. இறைச்சிக்காக முயல் வளர்ப்பது ஒரு தொழில். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேர் வைத்து, மடியில் வைத்து வளர்த்த பிள்ளையிடம் பொய் சொல்லி அனுப்புவது வேறு விஷயம். அந்தப் பொய் ஒரு நாள் தெரியும்.

*

இப்போது அந்தப் "பாவம்" விஷயத்துக்கு வருவோம்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் காலம் காலமாகக் காயடித்து வந்த ஊர் இது. முயல் என்று வரும்போது மட்டும் "அதோட ஆண்மையை எடுக்கலாமா" என்று தயங்குகிறோம். ஆச்சரியம் என்னவென்றால், இந்தத் தயக்கம் பெரும்பாலும் வீட்டு ஆண்களிடமிருந்துதான் வருகிறது.

எனக்கு இது பழக்கப்பட்ட தயக்கம்.

2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பெண் கருத்தடை ஆபரேஷனை நம்பியிருப்பவர்கள் 37.9 சதவீதம். ஆண் கருத்தடை ஆபரேஷன் 0.3 சதவீதம். இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வது எளிது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். "ஆண்மை போயிடும்" என்ற பயம்தான் தடுக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. மனிதர்களுக்குச் செய்யும் வாசெக்டமியில் குழாயை மட்டும்தான் கட்டுகிறோம். விதை அப்படியே இருக்கும். ஹார்மோனும் அப்படியே இருக்கும்.

முயலுக்குச் செய்வது வேறு. விதையையே எடுக்கிறார்கள். சண்டைக்குக் காரணமான ஹார்மோன் குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம். நம் பயத்தை முயல் மேல் ஏற்றிப் பார்க்காதீர்கள். ஆண்மை, மானம், மரியாதை எல்லாம் அதற்குக் கிடையாது. சண்டை போடும் உந்துதல் குறைந்தால், பக்கத்தில் ஒரு துணையோடு நிம்மதியாகத் தூங்கும். நன்றாகப் பராமரித்தால் முயல் எட்டு முதல் பத்து வருஷம் வாழும். அந்தப் பத்து வருஷத்தைத் தனிக் கூண்டில் பயத்தோடு கழிக்க வைப்பது இரக்கமா, ஒரு நாள் ஆபரேஷன் இரக்கமா?

(பெண் முயல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கருத்தடை செய்யாத பெண் முயல்களில் மூணு நாலு வயதைத் தாண்டினால் கருப்பைப் புற்றுநோய் மிக அதிகம். அவற்றுக்கும் ஆபரேஷன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.)

செலவாகுமா? ஆகும். முயலை வாங்கிய காசைவிட அதிகமாகவே ஆகும். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற இடங்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள். தனியாரிடம் போனால் "முயல் கேஸ் வழக்கமா பார்ப்பீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆபரேஷன் என்று முடிவானால் கவனிக்க வேண்டியவை:

✔ விதை இறங்கிய பிறகு, பொதுவாக மூணு நாலு மாசத்துக்கு மேல் செய்யலாம். தேதியை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

✔ நம்மை மாதிரி முதல் நாள் ராத்திரியே பட்டினி போடக் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

✔ ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிடுகிறதா, புழுக்கை போடுகிறதா என்று பாருங்கள். 12 மணி நேரம் ரெண்டும் இல்லை என்றால் அது எமர்ஜென்சி. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

✔ வீட்டில் வைத்துக் காயடிக்க முயலாதீர்கள். மேலே சொன்ன பாதை திறந்தே இருப்பதால் குடல் வெளியே சரிந்துவிடும் ஆபத்து உண்டு. மயக்க மருந்து கொடுத்து, அந்தப் பாதையை முறையாக மூடத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

✔ ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே ஹார்மோன் இறங்கிவிடாது. நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ரெண்டையும் சேர்க்காதீர்கள். பெண் முயல் இருந்தால் அதனோடும் சேர்க்காதீர்கள். உள்ளே மிச்சம் இருக்கும் விந்தணுவால் சினை பிடிக்கலாம். (வாசெக்டமி செய்தவர்களுக்கு நாங்கள் மூணு மாசம் பொறுக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.)

*

சேர்த்து வைப்பது எப்படி?

கூண்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். ஒட்டி வைத்தால் கம்பி வழியாகவே மூக்கைக் கடிக்கும். ஒன்றின் கூண்டில் கிடந்த துணியை இன்னொன்றின் கூண்டில் போடுங்கள். வாசனை பழகட்டும்.

ஆறு வாரம் கழித்து, ரெண்டுமே இதுவரை கால் வைக்காத ஓர் இடத்தில் சந்திக்க விடுங்கள். குளியலறை, ஹால் மூலை, எதுவானாலும் சரி. மொட்டை மாடி என்றால் அதிகாலையில் மட்டும். முயலுக்கு வெயில் ஆகாது. முதல் நாள் பத்து நிமிஷம் போதும். கீரையை ரெண்டு இடத்தில் வையுங்கள்.

முகர்ந்து பார்ப்பது, லேசாகத் துரத்துவது, ஒரு தடவை மேலே ஏறுவது எல்லாம் பரவாயில்லை. காதைப் பின்னால் ஒட்ட மடக்கி, வாலைத் தூக்கி, பாயத் தயாரானால் அன்றைக்கு அதோடு முடித்துக்கொள்ளுங்கள். கட்டிப் புரண்டால் கையை உள்ளே விடாதீர்கள்! நடுவில் முறத்தை வையுங்கள், இல்லையென்றால் கனமான துண்டைப் போடுங்கள்.

பக்கத்தில் படுத்து ஒன்றை ஒன்று நக்கிக் கொடுக்க ஆரம்பித்தால் வேலை முடிந்தது. சில ஜோடிக்கு ஒரு வாரம், சில ஜோடிக்கு ரெண்டு மாசம்.

எல்லா ஜோடியும் சேருமா? சேராது. ஏற்கெனவே ரத்தம் வர அடித்துக்கொண்டவை சில கடைசி வரை சேராமலும் போகலாம். அப்போதும் யாரையும் அனுப்ப வேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு பெரிய கூண்டு, முறை வைத்து வெளியே விளையாட விடுவது. பார்க்கவும் முகரவும் துணை இருப்பதே முயலுக்குப் பெரிய விஷயம்.

*

என் துறை சம்பந்தமாக ரெண்டு விஷயம்.

முயல் கடித்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்டி டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள். முயல், எலி, அணில் கடிக்கு நாய்க்கடி ஊசி அரிதாகவே தேவைப்படும். ஆனால் அந்த முயலை நாயோ பூனையோ கடித்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். முடிவை மருத்துவர் எடுக்கட்டும். மறுநாளே விரல் சிவந்து வீங்கி வலித்தால், முக்கியமாகச் சர்க்கரை நோயாளியாக இருந்தால், திரும்ப வாருங்கள். முயலின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் வேகமாகச் சீழ் பிடிக்க வைக்கும்.

அடுத்தது. காயம்பட்ட முயலுக்குப் பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பைக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு நல்ல மருந்துதான். முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து உயிரே போகலாம். நாய்க்கு உண்ணி மருந்தாக அடிக்கும் பிப்ரோனில் ஸ்பிரேயும் அப்படித்தான், முயலுக்கு விஷம்.

*

கடைசியாக, இந்தச் சிக்கல் வராமல் இருக்க.

பெட் ஷாப்காரர்களே, 2018-ல் வந்த விதிகள்படி உங்கள் கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அதோடு ஒரு வார்த்தை. ஒன்றரை மாதக் குட்டியைக் காட்டி "ஜோடி, கேரண்டி" என்று சொல்லாதீர்கள். "இப்ப சரியா தெரியாது, மூணு மாசத்துல பார்த்துக்கோங்க" என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் வியாபாரம் ஒன்றும் கெட்டுப்போகாது.

பெற்றோர்களே, முயல் வாங்கும் முன் கருத்தடைச் செலவையும் ரெண்டாவது கூண்டுச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கட்டுப்படியாகாது என்றால் வாங்காதீர்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஏற்கெனவே ரெண்டு ஆண் முயல் இருக்கிறதா? "இன்னும் சண்டை வரலையே" என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கு ராத்திரி தூங்கப் போகும் முன் தனித்தனியாக வையுங்கள். கூண்டு இல்லை என்றால் காற்று போகும் அட்டைப்பெட்டி போதும். புல்லும் தண்ணீரும் ரெண்டுக்கும் தனித்தனியாக.

நாளைக்குக் கால்நடை மருத்துவருக்குப் போன் பண்ணுங்கள்.

மீனு என்ற பேரை மாற்ற வேண்டியதில்லை. அதற்கு அந்தப் பேர் பழகிவிட்டது.

சந்தேகம் இருந்தால் கமெண்ட்டில் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.